ஏரியூட்டு பனிப்பொழிவா, ஏரியெழு பனிப்பொழிவா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

குளிர்காற்று ஏரியைக் கடக்கும்போது ஈரம் ஏறிக் கரையில் கொட்டும் பனிக்கு (lake-effect snow) நம் கலைச்சொல் பட்டியலில் உள்ள 'ஏரி விளைவுப் பனி'யை மாற்றக் கோருகிறேன். ஏரியால் பனி விளைகிறதா, பனியால் ஏரிக்கு ஏதோ விளைகிறதா என்பதே அதில் தெரியவில்லை. வெறும் 'பனி'யும் போதாது. மார்கழிப் பனி நமக்குப் புல்நுனியில் நிற்கும் நீர். 'பனிப்பொழிவு' என்றே முடியட்டும்.

கனடா வழியே இறங்கும் ஆர்க்டிக் காற்று, வட அமெரிக்காவின் இன்னும் உறையாத ஈரி, ஒண்டாரியோ ஏரிகளின் மேல் ஓடுகிறது. மேல்நீருக்கும் சுமார் 1.5 கி.மீ. உயரத்துக் காற்றுக்கும் 13 டிகிரி செல்சியஸாவது வேறுபாடு இருந்தால்தான், அடியில் சூடும் ஈரமும் ஏறிய காற்று தடையின்றி மேலெழும். நீர்மேல் 100 கி.மீ. அளவுக்காவது அது ஓட வேண்டும். ஈரியின் நீளம் ஏறத்தாழ 388 கி.மீ.; தென்மேற்குக் காற்று அந்த நீளவாக்கில் அடித்தால் ஏரியின் கிழக்கு முனையிலுள்ள பஃபலோ நகரம் மாட்டிக்கொள்ளும். உயரம் கூடக்கூடக் காற்றின் திசை 30 பாகைக்கு மேல் திரும்பினால் பனிப்பட்டை, அதாவது பனி கொட்டும் ஒடுங்கிய மேக வரிசை, குலையும். குலையாமல் ஒரே இடத்தில் நின்றால்? 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் குவிந்தது. சில கிலோமீட்டர் வடக்கே சில அங்குலம்தான். பட்டையின் ஓரம் வெள்ளைச் சுவராக நின்றது.

ஈரியின் சராசரி ஆழம் 19 மீட்டர். அது உறைந்ததும் ஈரம் அறுந்துவிடும். ஒண்டாரியோ 86 மீட்டர், முழுதும் உறைவது அரிது; அதன் கிழக்கேயுள்ள டக் ஹில் மேட்டில் பனிக்காலம் நீளும். ஊட்டுவது ஏரிதான். எனவே 'ஏரியூட்டு பனிப்பொழிவு' என்று முன்வைக்கிறேன்.

---

மறுமொழி:

ஐயா, விளக்கம் சரி, சொல் வழுக்குகிறது. 'உண்' என்பதன் பிறவினை 'ஊட்டு'. பாலூட்டு என்றால் பாலை ஊட்டுவது. அதே தடத்தில் ஏரியூட்டு என்பதைப் படிப்பவர் வேறாகப் பிரிப்பார். உருகிய பனி ஏரிக்கு நீர் ஊட்டுவதும் நடப்பதுதானே!

'ஏரியெழு பனிப்பொழிவு' எனலாம். 'எழு' செயப்படுபொருள் ஏற்காது. ஏரியிலிருந்து எழுவது என்ற ஒரு பொருள்தான் வரும். வினைத்தொகை, ஆகவே ப் மிகாது. ஜப்பான் கடலைக் கடந்த காற்று ஹொன்ஷூவின் மேற்கில் கொட்டுவதைக் 'கடலெழு பனிப்பொழிவு' என்று அப்படியே சொல்லலாம்.

---

மறுமொழி:

எழுவதும் பொழிவதும் முட்டுகின்றனவே என்று தயங்கினேன். ஆனால் கடுங்குளிர் நாளில் ஏரிமேல் ஆவி புகைபோல் எழுவது கண்ணுக்கே தெரியும். எழுவது ஈரம், பொழிவது பனி. "வியாழன் இரவு முதல் ஏரியெழு பனிப்பொழிவு, மணிக்கு 5 முதல் 8 செ.மீ." என்று முன்னறிவிப்பு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், இடறவில்லை. என் 'ஏரியூட்டு'வை விட்டு இதையே ஏற்கிறேன்.

கூடவே ஒன்று: ஆர்க்டிக் குளிர் திடீரென இறங்குவதற்குப் பட்டியலில் 'குளிர் வெடிப்பு' இருக்கிறது. அங்கே எதுவும் வெடிப்பதில்லை. காற்று தெற்கே பாய்கிறது. 'குளிர்ப்பாய்ச்சல்' என்று திருத்தலாமா?