கோயில் கணினியில் திறந்து கிடந்த கடவுச்சொற்கள்

செம்பனைக்காடு எழுதியது:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயிலின் மின்னஞ்சல் அனைத்தும் அலுவலகக் கணினியின் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியில்தான் வந்து சேர்கிறது; அந்தக் கணினியின் விண்டோஸுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. திருவிழா அழைப்பிதழ் அச்சிடும் அவசரத்தில் அச்சுப்பொறியைச் சரிசெய்ய வந்த தம்பி, வேலை முடிந்ததும் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, சேமித்த கடவுச்சொற்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் கடவுச்சொற்களும் மறைப்பின்றித் திரையில் நின்றன. "பாருங்கண்ணே, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்" என்று எச்சரிக்கத்தான் அவர் காட்டினார். ஆனாலும் பொருளாளர் ஐயா விரைந்து எழுந்து இரு கைகளாலும் திரையை மறைத்தது என் கண்ணைவிட்டு அகலவில்லை.

கிராணி வீட்டுப் பேரன் எழுதியது:
ஐயா, திரையை மறைத்ததால் எதுவும் காக்கப்படவில்லை என்பதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தையும் பூட்டும் முதன்மைக் கடவுச்சொல் இடாத தண்டர்பேர்டில், பூட்டிய கடவுச்சொற்கள் லாகின்ஸ்.ஜேசன் கோப்பிலும் அவற்றைத் திறக்கும் சாவி கீ4.டிபி கோப்பிலும் ஒரே கோப்புறைக்குள் கிடக்கின்றன; இரண்டையும் பென்டிரைவில் எடுத்துச் சென்றவர் தம் வீட்டில் அமர்ந்தே படித்துவிடுவார். பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவரின் பழைய கணினி டியூசன் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாகப் போனது. ஒரு சிறுமி அதைத் திறந்தபோது அவருடைய சேமநிதிக் கடிதங்கள் புதிதாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஆகவே முதன்மைக் கடவுச்சொல்லை உடனே இடுங்கள். பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனி விண்டோஸ் கணக்கைக் கடவுச்சொல்லோடு திறந்துகொடுங்கள். எழுந்து செல்லும்போது விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்திப் பூட்டச் சொல்லுங்கள், ஏனெனில் முதன்மைக் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்துவிட்டால், தண்டர்பேர்டை மூடும்வரை அஞ்சலைப் பெறவும் அனுப்பவும் அது மீண்டும் கேட்பதில்லை. ஜிமெயிலைக் கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வழியாகச் சேர்த்திருந்தால் சேமிக்கப்படுவது கடவுச்சொல் அன்று, கூகுள் தந்த அனுமதிச் சீட்டு. கணினி கைமாறினாலும் அதைக் கூகுள் கணக்கிலிருந்தே ரத்து செய்துவிடலாம்.

பால்மரம் எழுதியது:
தம்பி சொல்வது சரிதான், ஆனால் அந்த முதன்மைக் கடவுச்சொல்லை வீட்டில் வேறு யார் அறிவார் என்பதையும் பேச வேண்டும். சித்தப்பா இறந்தபின், என் சித்தி திரையில் முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்கும் அந்தச் சிறு பெட்டியின் முன் அமர்ந்து, பிள்ளைகளின் பெயர்கள், திருமண நாள் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அந்தக் கடவுச்சொல்லை மீட்டமைத்தால் சேமித்த கடவுச்சொற்கள் அத்தனையும் அழியும் என்று பயந்தார். முதன்மைக் கடவுச்சொல் பூட்டுவது கடவுச்சொற்களை மட்டுமே, ஏற்கெனவே இறங்கிய கடிதங்களை அன்று. பெட்டியை மூடிவிட்டுப் பார்த்தபோது அவை எல்லாம் திறந்தன. தேடிய காப்புறுதிக் கடிதத்தைச் சித்தி அன்றே அச்சிட்டுக்கொண்டார்.