தமிழ் மீடியம், முதலாண்டு பி.எஸ்சி. இயற்பியல்: இங்கிலீஷ் புத்தகத்தை எப்படி வாசிப்பது?

முதல்வருசம்_பிசிக்ஸ்:
பிளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்ட அரை மணி நேரம் ஆகிறது. தெரியாத சொல்லையெல்லாம் போனில் பார்த்துப் பென்சிலால் மேலே எழுதுகிறேன். பக்கம் நிறைகிறது, பாடம் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. நாலு தடவை படித்ததும் இன்டர்னல் தேர்வில் மறந்துபோகிறது. எங்கே தப்பு?

கரும்பலகை:
தம்பி, கலைச்சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான், பெயர்தான் வேறு. பிளஸ் ஒன் இயற்பியல் இரண்டாம் தொகுதி, அலகு 8, வெப்பமும் வெப்ப இயக்கவியலும். அதன் ஆங்கில வழிப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அடியபாட்டிக் என்றால் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு, ஐசோதெர்மல் என்றால் வெப்பநிலை மாறா நிகழ்வு. அந்த ஒரு அலகிலேயே பாதி அகராதி முடிந்துவிடும்.

காலை வாருவது சின்னச் சொற்கள்: ப்ரொவைடட், அன்லெஸ், ஹென்ஸ், வேர்ஆஸ், ரெஸ்பெக்டிவ்லி. "வொர்க் டன் பை தி கேஸ் ஈக்குவல்ஸ் தி டிக்ரீஸ் இன் இன்டர்னல் எனர்ஜி, ப்ரொவைடட் நோ ஹீட் இஸ் எக்ஸ்சேஞ்ட்" என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். வெப்பப் பரிமாற்றம் இல்லை என்றால் மட்டும், வாயு செய்யும் வேலை உள்ளாற்றலின் குறைவுக்குச் சமம் என்பது பொருள். அந்த 'என்றால் மட்டும்'தான் ப்ரொவைடட். அதை 'கொடுக்கப்பட்ட' என்று எடுத்தால் நிபந்தனையே காணாமல் போகும். பிறகு ஐசோதெர்மல் கணக்கிலும் அதே சூத்திரத்தைப் போடுவீர்கள். நல்லியல்பு வாயுவுக்கு அங்கே உள்ளாற்றல் மாறாது, ஆகவே வேலை பூஜ்யம் என்று விடை வரும். கணக்கில் கோட்டை விட்டதாகத் தோன்றும், விட்டது இங்கிலீஷில்.

தமிழில் நிபந்தனை முன்னால் வரும், இங்கிலீஷில் பல நேரம் வாலில் வரும். அதனால் நீண்ட வாக்கியத்தில் முதலில் வினைச்சொல்லைத் தேடி அடிக்கோடிடுங்கள், அடுத்து நிபந்தனையை வட்டமிடுங்கள். போன் அகராதி இரண்டாம் வாசிப்பில் போதும், பக்கத்துக்கு அதிகபட்சம் 5 சொல்.

சிவப்புமை:
மறதிக்குக் காரணம் வேறு. நாலு தடவை படிக்கும்போது வரி பழகிவிடுகிறது, பழகியதைத் தெரிந்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்கள் 71. ஒரு வாரம் போனதும் படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61 என்று தலைகீழானது. இன்டர்னல் வருவது ஒரு வாரம் கழித்துத்தானே.

செய்ய வேண்டியது: 3 பக்கம் வாசித்துப் புத்தகத்தை மூடுங்கள். நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் 10 நிமிடம் எழுதுங்கள், தமிழும் இங்கிலீஷும் கலந்தாலும் பரவாயில்லை. திறந்து, விட்டதை மட்டும் சிவப்பில் நிரப்புங்கள். மறுநாளும் நாலாம் நாளும் அந்தச் சிவப்பை மட்டும் மூடி வைத்து எழுதுங்கள். ஹைலைட்டர் வாங்கும் காசில் பரோட்டா சாப்பிடலாம்.

டெரிவேஷனை வரி வரியாக உருப்போடாதீர்கள். அடியபாட்டிக் சமன்பாட்டில் பலரும் நிற்பது ஒரே இடத்தில், dTயை, அதாவது வெப்பநிலையின் சிறு மாற்றத்தை, நீக்கும் படியில். ஒரு மோல் நல்லியல்பு வாயுவுக்கான PV = RTயை வகையிட்டால் PdV + VdP = RdT வருகிறது, அதிலிருந்து dTயை எடுத்து முதல் விதியில் போட வேண்டும். ஓரத்தில் "dT வேண்டாம், அதனால் வகையிடு" என்று காரணத்தை எழுதி வையுங்கள். படி மறந்தாலும் காரணம் கைகொடுக்கும்.

கடைசிபெஞ்ச்:
வேகமும் முக்கியம். பல கல்லூரிகளில் 75 மதிப்பெண், 3 மணி நேரம்: 2 மார்க் பத்து, 5 மார்க் ஐந்து, 10 மார்க் மூன்று. முறையே 3, 12, 25 நிமிடம் என்று வைத்தால் 165 போக 15 நிமிடம் மிச்சம். பழைய வினாத்தாளில் ஒரு 10 மார்க் கேள்வியை வாரம் ஒருமுறை கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

முதல்வருசம்_பிசிக்ஸ்:
நன்றி அண்ணா. யூடியூபில் தமிழ் விளக்கம் பார்த்துவிட்டு வாசிக்கலாமா?

கரும்பலகை:
பாருங்கள், ஆனால் வாசித்த பிறகு. முதலிலேயே பார்த்தால் ப்ரொவைடட்டைத் தாண்டிக் கண் ஓடிவிடும். எந்த வாக்கியம் உடைபடவில்லையோ அதை அப்படியே இங்கே போடுங்கள், பிரித்துப் பார்ப்போம்.