14 வாரம் இருக்கிறது: மாதிரித் தேர்வா, டிராயிங் போர்டா?

கடைசி பெஞ்ச்:
கட்டடக்கலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு இன்னும் 14 வாரம் இருக்கிறது. கணக்கு, பொதுத்திறன், வெறுங்கையால் வரைதல் என்று மூன்று பகுதிகள். இதற்கிடையே சனி, ஞாயிறுகளில் கட்டட வரைபட அறிமுக வகுப்பு ஒன்று தொடங்குகிறது. மொத்தம் 12 வாரம், நாளுக்கு 2 மணி நேரம், வீட்டுப் பயிற்சி தனி. எனக்குச் சேர ஆசை. அப்பாவோ, "முதலில் இடம் கிடைக்கட்டும், கோடு போடுவதைக் கல்லூரியிலேயே சொல்லித் தருவார்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

நேரக்கணக்கு:
அப்பா பேச்சைக் கேளுங்கள் தம்பி. நுழைவுத் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. வகுப்புக்கு 4, வீட்டுப் பயிற்சிக்கு 2 என்று குறைத்துப் போட்டாலும் வாரத்துக்கு 6 மணி நேரம் போய்விடும். 12 வாரத்தில் 72 மணி. அந்த நேரத்தில் மூன்று மணி நேர மாதிரித் தேர்வுகள் 24 எழுதலாம். தேர்வில் கேட்பது வெறுங்கை ஓவியம். அந்த வகுப்பில் பழக்குவது டி-ஸ்கொயர், அதாவது நேர்கோடு போடும் T வடிவ அளவுகோல். நீச்சல் போட்டிக்குப் போகிறவன் படகு ஓட்டப் பழகுவானா?

பழைய போர்டு:
24 மாதிரித் தேர்வு எழுதிய பிள்ளை ஒருவனை எனக்குத் தெரியும், என் அக்கா மகன். நான்காவது தேர்வில் எந்த இடத்தில் சறுக்கினானோ, இருபதாவதிலும் அதே இடத்தில்தான் சறுக்கினான். எழுதிய தாளை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அது கிடக்கட்டும். வரைவு வகுப்பென்றால் கோடு போடுவது மட்டும்தானா? நான் முப்பது ஆண்டு வரைவாளனாக இருந்தவன், ஒரு படிக்கட்டைச் சொல்கிறேன். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் 3 மீட்டர் உயரம். 18 படி வைத்தால் ஒரு படிக்கு 167 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். மிதி, அதாவது கால் வைக்கும் இடத்தின் அகலம், 280. ஏறும் உயரத்தின் இரட்டிப்போடு மிதியைக் கூட்டினால் 600-லிருந்து 640-க்குள் நிற்க வேண்டும் என்பது வழக்கு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளோந்தெல் 17-ஆம் நூற்றாண்டிலேயே இப்படியொரு கணக்கைப் போட்டுவைத்தார். நம்முடையது 613, நல்ல படிதான். சரி, பிளானில், அதாவது மேலிருந்து பார்ப்பதுபோன்ற படத்தில், எத்தனை மிதி வரைவீர்கள்? புதிதாக வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் 18 வரைவார்கள். விடை 17. கடைசியாக ஏறுவது மேல்தளத்தின் மீதே அல்லவா! பிறகு, கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பதுபோன்ற படமான செக்‌ஷன் வரையும்போதுதான் தெரியும், எட்டாவது படியில் நிற்பவனின் தலை மேல்தளத்தின் கான்கிரீட்டில் முட்டுகிறது என்று. இந்தப் புத்தி எந்த மாதிரித் தேர்வில் கிடைக்கும்?

நேரக்கணக்கு:
அழகாகச் சொன்னீர்கள் ஐயா, ரசித்துப் படித்தேன். ஆனால் இது இடம் கிடைத்தவன் முதலாம் ஆண்டில் படிக்க வேண்டிய பாடம். உங்கள் அக்கா மகன் தாளைத் திருப்பிப் பார்க்காதது அவர் குற்றம், தேர்வின் குற்றமல்ல. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே பகுதியை ஒரு குழு மறுபடி படித்தது, இன்னொரு குழு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களிடமே அதிகம் தங்கியிருந்தது. மாதிரித் தேர்வு என்பது வெறும் ஒத்திகை அல்ல, அதுவே படிப்பு.

இரண்டாமாண்டு:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவி நான். இப்படியொரு அறிமுக வகுப்புக்குப் போய் ஏமாந்தவளும்கூட. முதல் மூன்று வாரம் பார்டர் கோடும் எழுத்துப் பயிற்சியும்தான். நான்காம் வாரம் நேராகக் கணினியில் உட்கார வைத்தார்கள். திரையில் பெரிதாக்கி, சிறிதாக்கி வரைந்ததில் 1:50, அதாவது ஐம்பதில் ஒரு பங்கு அளவு, என்றால் கண்ணுக்கு எவ்வளவு என்றே பிடிபடவில்லை. கல்லூரியில் தாளில் வரைந்த முதல் பிளானில் என் வாசற்கதவு ஒரு யானை நுழையும் அகலம். தம்பி, சேருவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எந்த வாரத்தில் செக்‌ஷன் வரைய வைப்பீர்கள்?" விழித்தார்கள் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பழைய போர்டு:
உண்மைதான் அம்மா, அப்படி ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு.

நேரக்கணக்கு ஐயா, தேர்விலும் பயன் உண்டு. பொதுத்திறன் பகுதியில் மேல்தோற்றமும் முன்தோற்றமும் கொடுத்து உருவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களே, அது வேறென்ன? அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர், உருவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கத் திணறிய மாணவர்களுக்கென்று 1993-இல் ஒரு வகுப்பே தொடங்கினார். கையால் உருவங்களை வரைய வரைய அந்தத் திறன் வளர்ந்தது. பிறவிக் கொடை என்று நாம் ஒதுக்கிவைத்த திறமை அது.

நேரக்கணக்கு:
அந்த மாணவர்கள் பொறியியலில் ஏற்கெனவே இடம் பிடித்தவர்கள் ஐயா. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். மேலும் அங்கே பயன் தந்தது கைவரைதல். அதற்கு ஒரு பென்சிலும் தினம் இருபது நிமிடமும் போதும், 12 வார வகுப்பு எதற்கு?

பழைய போர்டு:
தினம் இருபது நிமிடம் யார் உட்காருவார்? சனிக்கிழமை வகுப்பு என்று ஒன்று இருந்தால்தான் கை அசையும். என்னையே சொல்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் விசாரித்தேன். ஐந்தாம் வாரத்தில் செக்‌ஷன் என்றார்கள், போர்டிலேயே. இன்னும் பணம் கட்டவில்லை.

நேற்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு அறைகளை அளந்து 1:50-இல் பிளான் வரைந்தேன். உள்ளளவு 3.20 மீட்டர், 2.85 மீட்டர். கூட்டினால் 6.05. வெளியே போய் அளந்தால் 6.74! டேப்பைத்தான் சந்தேகப்பட்டேன், மூன்று தடவை அளந்தேன். மீதி 69 சென்டிமீட்டர் எங்கே போனது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது: மூன்று சுவர், ஒவ்வொன்றும் 23. சுவரை வெறும் ஒற்றைக் கோடாகப் போட்டிருக்கிறேன்! அழித்துவிட்டு, தாளில் 4.6 மில்லிமீட்டர் தடிமனில் மறுபடி வரைந்தேன். படத்தை இணைத்திருக்கிறேன்.

நேரக்கணக்கு:
எவ்வளவு நேரம் ஆனது?

கடைசி பெஞ்ச்:
நான்கு மணி நேரம் ஐயா. அன்றைய மாதிரித் தேர்வை எழுதவில்லை.

நேரக்கணக்கு:
பார்த்தீர்களா!

இரண்டாமாண்டு:
ஆனால் அந்த 69-ஐ அவன் இனி மறப்பானா?

பழைய போர்டு:
படத்தைப் பார்த்தேன் தம்பி. கோடு சுத்தம். ஆனால் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டவில்லையே. கால்வட்டம் ஒன்று போட வேண்டும்.

கடைசி பெஞ்ச்:
போட்டுப் பார்த்தேன் ஐயா. கால்வட்டம் கட்டிலின் மேல் ஏறுகிறது. கட்டிலின் கால் ஏன் அந்த மூலையில் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. விட்டுப்போன மாதிரித் தேர்வை இன்று எழுதிவிடுகிறேன். தாளைத் திருப்பியும் பார்க்கிறேன்.