ஒரே பிஎம்ஐ, அக்காவுக்கும் தம்பிக்கும் மூச்சு ரிப்போர்ட் வேறு வேறு. ஏன்?

மார்த்தாண்டத்துக்காரி:
எனக்கு 44 வயது. உயரம் 152 செ.மீ., எடை 96 கிலோ. தம்பிக்கு 41 வயது, 172 செ.மீ., 123 கிலோ. கணக்குப் போட்டால் ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை அளவு) 41.6தான். தம்பி பீடி சிகரெட் தொட்டதில்லை. போன வாரம் நாகர்கோவிலில் ரெண்டு பேரும் ஊதும் டெஸ்ட் எடுத்தோம். எஃப்விசி (முழுசாக இழுத்து முழுசாக ஊதிவிடும் காற்றின் அளவு) எனக்கு 91 சதவீதம், அவனுக்கு 74. ஆனால் ரப்பர் விளைக்கு ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கி நிற்பது நான்தான். அவன் பேசிக்கொண்டே மேலே போய்விடுகிறான். அப்போ யாருக்குப் பிரச்சினை? எங்கள் அப்பா தூக்கத்திலேயே போனவர், அதனால்தான் பயமாக இருக்கிறது.

தக்கலை அண்ணன்:
தம்பி குறட்டை விடுவானா? அதை முதலில் பாரும்மா. பெரிய உடம்புக்காரர்களுக்கு ராத்திரிதான் சோதனை.

ஊதுங்க ஊதுங்க:
அக்கா, நான் நுரையீரல் பரிசோதனை அறையில் வேலை பார்க்கிறவன். மூக்கில் கிளிப் மாட்டி, "ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று நாள் முழுக்கக் கத்துகிறவன். ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். சதவீதத்துக்குப் பக்கத்தில் லிட்டர் என்று ஒரு வரிசை இருக்கும். சதவீதம் என்பது உங்கள் வயது, உயரமுள்ள பெண்களோடு உங்களை ஒப்பிட்டது; தம்பியை ஆண்களோடு. ஒரே உயரத்தில்கூட பெண்ணுக்கு நுரையீரல் சிறியது. அதனால் 74 சதவீதத்திலும் தம்பியிடம் உங்களைவிட அதிக லிட்டர் இருக்கும். மேட்டில் நீங்கள் முதலில் திணற இது ஒரு காரணம்.

அவனுக்கு ஏன் சதவீதம் இறங்கியது என்றால், ஆண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள் சேரும். அது உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையை) மேலே தள்ளும், மூச்சை இழுக்கும்போது நுரையீரல் கீழே விரிய இடம் கிடைக்காது. படுத்தால் இன்னும் மோசம். பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் சேருவது அதிகம், அது நெஞ்சை அவ்வளவாக அழுத்தாது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வயிற்றுக்கு மாறத் தொடங்கும், அதையும் கவனத்தில் வையுங்கள்.

எடையைவிட இடுப்பளவு இங்கே நிறையச் சொல்லும். டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். அப்புறம், எஃப்இவி1-க்கும் (முதல் ஒரு நொடியில் ஊதிவிடும் காற்று) எஃப்விசிக்கும் உள்ள விகிதம் எவ்வளவு?

மார்த்தாண்டத்துக்காரி:
அளந்தேன். எனக்கு 108 செ.மீ., அவனுக்கு 131. விகிதம் எனக்கு 0.71, அவனுக்கு 0.84. குறட்டை உண்டு. இடையில் மூச்சே நின்ற மாதிரி இருந்து திடீரென்று எழும்புவான் என்று அவன் பெண்டாட்டி சொல்கிறாள். கடையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

ஊதுங்க ஊதுங்க:
அக்கா, ரெண்டு பேரையுமே விடக்கூடாது.

தம்பிக்குத் தூக்கப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். விழித்திருக்கும்போதே ரத்தத்தில் கரியமில வாயு 45 mmHg-க்கு மேல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது பேசிக்கொண்டு போகிறானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் விகிதம் 0.71 என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வெறும் பருமன் என்றால் எஃப்இவி1, எஃப்விசி ரெண்டும் சேர்ந்தே இறங்கும், விகிதம் அப்படியே நிற்கும். உங்களுக்கு அது இறங்கியிருக்கிறது, மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம். பருமனோடு ஆஸ்துமா வருவது பெண்களுக்கே அதிகம். இன்ஹேலர் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வைத்தார்களா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் சேர்த்துப் பாருங்கள். "எடையைக் குறைங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எழுந்து வராதீர்கள். எடை குறைந்தால் நுரையீரலுக்கு நல்லதுதான், ஆனால் ஆஸ்துமா இருந்தால் அதற்கு மருந்து இப்போதே வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் நெஞ்சு நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே ரெண்டு பேரும் பழைய ரிப்போர்ட்டோடு போங்கள். தம்பி பெண்டாட்டியையும் கூட்டிப் போங்கள், ராத்திரி நடப்பதை அவளால்தான் சொல்ல முடியும்.