ஜாம் குழி பிஸ்கட்: தலைப்புக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். சுவீடனில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை பிள்ளைகள் 'ஹலோன்குரோத்தா' செய்து, செய்முறையைத் தமிழில் எழுதப்போகிறார்கள். சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மாவு 300. உருட்டி, நடுவில் விரலால் அழுத்தி, குழியில் ராஸ்பெரி ஜாம் வைத்துச் சுட வேண்டும். 'ராஸ்பெரிக் குகை' என்பது அந்தப் பெயரின் பொருள். தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்கிழமை தாளை அச்செடுக்க வேண்டும்.

---

அம்மா, பிஸ்கட்டுக்கு 'ஈரட்டி' என்று ஒரு சொல் புழங்குகிறது. ஈர் என்றால் இரண்டு, அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடிசில், அடுமனை எல்லாம் அந்த வேர்தான். பிஸ்கட்டின் இலத்தீன் மூலமும் 'இருமுறை சுட்டது' என்பதே. ஆனால் நீங்கள் செய்வது ஒரே முறை சுடுவது; ஈரட்டி பொருந்தாது.

உள்ளே வைப்பதற்கு நம்மிடம் அருமையான பழஞ்சொல் இருக்கிறது: கவவு. 'கவவு அகத்திடுமே' என்கிறது தொல்காப்பிய உரியியல். மதுரைக்காஞ்சியில் 'கவவொடு பிடித்த வகையமை மோதகம்' வருகிறது. உரையில் பருப்பும் தேங்காயும் உள்ளீடு. பூரணம் என்ற வடசொல் நமக்குத் தேவையே இல்லை. அகப்பாடல்களில் கவவு தழுவுதலையும் குறிக்கும். மாவு பழப்பாகைத் தழுவி நிற்கிறதல்லவா? 'கவவடை' என்று வையுங்கள்.

---

ஐயா, கவவு நல்ல சொல்தான். ஆனால் இதில் ஜாம் உள்ளே மூடிக் கிடக்கவில்லை, மேலே திறந்து தெரிகிறது. அகத்திடவில்லையே! பத்து வயதுப் பிள்ளை கவவடை என்று வீட்டில் சொன்னால் தாய்க்கே விளங்காது.

நான் வாரம் ஒருமுறை இதைச் செய்கிறேன். மாவு குளிர்ந்து இறுகியிருந்தால் விரல் வைத்ததும் ஓரம் வெடிக்கும்; ஜாம் அந்த வெடிப்பு வழியாக வடிந்து தட்டில் கருகும். கொஞ்சம் இளகவிட்டு, மெதுவாக அழுத்த வேண்டும். பண்டத்தின் உயிர் அந்தக் குழியில்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா 'விசுக்கோத்து' என்றுதான் சொல்லுவா. பிரெட்டுக்கு நாங்கள் சொல்லும் 'பாண்' போல அதுவும் போர்த்துக்கேயர் வழி வந்து நம்முடையதாகிவிட்டது. 'குழி விசுக்கோத்து' போதும்.

---

குழி என்றதும் குழிப்பணியாரம்தான் நினைவுக்கு வரும் அக்கா. அதில் குழி சட்டியில் இருக்கிறது, பண்டத்தில் இல்லை. இங்கே விரல்தான் குழி செய்கிறது. 'கைநாட்டு பிஸ்கட்' என்றால் என்ன?

---

தம்பி, அது மட்டும் வேண்டாம். எங்கள் பாட்டி ரேஷன் கடையில் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு தலைகுனிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 'கைநாட்டு' எங்கள் ஊரில் வசைச்சொல். பிள்ளைகள் ஆசையாகச் செய்கிற பண்டத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

---

அனைவருக்கும் நன்றி. குழி என்பதற்கு நான்கு பேர் ஆதரவு. விசுக்கோத்து எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் புதுசு, அதனால் 'குழி பிஸ்கட்' என்று போட்டுவிட்டேன். தாளின் அடியில் கவவு பற்றி இரண்டு வரி இருக்கிறது.

---

சரி அம்மா. ஆனால் 'குழிப் பிஸ்கட்' என்று ஒற்று மிக வேண்டாமா? பிறமொழிச் சொல்லின் முன் மிகாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்புறம், கவவடையை நான் விடுவதாக இல்லை. இரண்டு வட்டங்களுக்கு நடுவே ஜாம் வைக்கும் லின்சர் வகையை வகுப்பில் செய்யும்போது சொல்லுங்கள். அதில் ஜாம் உள்ளேதான் இருக்கிறது.