பீர்த் திருவிழாவுக்கு ஒரு வார இறுதி: சனிக்கிழமை ரேகன்ஸ்பூர்க், ஞாயிற்றுக்கிழமை மியூனிக்

இந்த ஆண்டு ஜெர்மனிக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்திருக்கும் தம்பி தங்கைகள் மூவர் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டதால், பதிலை விரிவாகவே எழுதுகிறேன். கையில் இருப்பது ஒரு வார இறுதியும் கொஞ்சம் பணமும்தான். அதற்குள் மியூனிக்கின் பீர்த் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்டைப் பார்த்துவிட முடியுமா, எங்கே தங்குவது, குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்பவை அந்தக் கேள்வியின் பகுதிகள். நன்றாகவே பார்க்க முடியும். திருவிழாவின் முதல் வார இறுதியைத் தேர்ந்தெடுத்து, சனிக்கிழமையை ரேகன்ஸ்பூர்க் நகரில் கழித்து, இரவு அங்கேயே தங்கி, ஞாயிறு அதிகாலை ரயிலில் மியூனிக் போய்ச் சேருங்கள் என்பது என் யோசனை.

பலரும் இதற்கு நேர்மாறாகத்தான் திட்டமிடுகிறார்கள். தொடக்க நாளான சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு மியூனிக் மேயர் திருவிழாக் கூடாரம் ஒன்றில் முதல் பீர்ப் பீப்பாயைத் திறந்து வைக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அதற்காகவே ஓடுகிறார்கள். அந்தக் கூடாரத்துக்குள் இடம் பிடிக்க விடியும் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். 12 மணி வரை எந்தக் கூடாரத்திலும் பீர் ஊற்ற மாட்டார்கள். அன்று மாலைக்குள் தங்கும் விடுதிகளின் கட்டணம் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும். மறுநாள் ஞாயிறு காலை 10 மணிக்கு நடக்கும் மரபுடை ஊர்வலத்தை வீதியோரத்தில் நின்று காசில்லாமல் பார்க்கலாம். புதிதாக வந்தவர் காண வேண்டியது அந்த ஊர்வலம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பயணச் செலவைப் பொறுத்தவரை, நாடு முழுவதும் செல்லும் மாதப் பயணச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக எதுவும் ஆகாது. 2026 ஜனவரி முதல் அதன் விலை மாதம் 63 யூரோ. அது ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் போன்ற வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் செல்லாது. புதியவர்கள் அதிகமாக அபராதம் கட்டுவது இந்த இடத்தில்தான். அது மாதச் சந்தா என்பதையும், நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சந்தா இல்லாத நான்கைந்து பேர் சேர்ந்து போவதென்றால் பயர்ன் (பவேரியா) டிக்கெட் வாங்குங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் பயர்ன் மாநிலம் முழுவதும் போகலாம், வார இறுதியில் நள்ளிரவு 12 மணி முதலே செல்லும். ரேகன்ஸ்பூர்க்கிலிருந்து மியூனிக்குக்கு வட்டார ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

ரேகன்ஸ்பூர்க்கை வெறும் தங்குமிடமாக நினைத்துவிடாதீர்கள். கி.பி. 179-இல் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் தன்யூப் கரையில் எழுந்த படைமுகாமிலிருந்து வளர்ந்த ஊர் அது. அந்த முகாமின் வடக்கு வாயிலான போர்ட்டா பிரிட்டோரியாவின் கற்கள் இன்றும் ஒரு கட்டடத்தின் சுவரோடு சுவராக நிற்பதைத் தெருவில் நடந்தபடியே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் பழைய நகரம் பெரும் அழிவிலிருந்து தப்பியதால், இடைக்கால வணிகர்கள் போட்டி போட்டுக் கட்டிய கோபுர வீடுகளும் ஒடுங்கிய சந்துகளும் பழைய நிலையிலேயே இருக்கின்றன. யுனெஸ்கோ 2006-இல் அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

முதலில் கல் பாலத்துக்குப் போங்கள். 1135-இல் தொடங்கி 1146-இல் முடித்த அந்தப் பாலத்தில் இப்போது நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் மட்டுமே அனுமதி. நடுப்பகுதியில் நின்று ஊரைத் திரும்பிப் பார்த்தால், புனித பேதுரு பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரியும். பேராலயம் இடைக்காலத்தைச் சேர்ந்தது. அதன் கோபுர உச்சிகள் மட்டும் 1869-இல்தான் நிறைவு பெற்றன. அந்தப் பணிக்குப் பின்னால் நின்றவர் பயர்ன் அரசர் முதலாம் லுட்விக். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுநாள் மியூனிக்கில் மீண்டும் சந்திப்பீர்கள். பாலத்தையொட்டிப் பல நூற்றாண்டுகளாக நடக்கும் சின்னச் சமையற்கூடம் ஒன்றில் கரி அடுப்பில் சுட்ட சிறு சாசேஜ்களைப் புளித்த முட்டைக்கோசுடன் தருவார்கள். அது பன்றி இறைச்சி என்பதை அறிந்து வாங்குங்கள்.

பழைய நகர மன்றத்தை வழிகாட்டியுடன் மட்டுமே பார்க்க முடியும். சீட்டு வாங்கியாவது பாருங்கள். 1663 முதல் 1806 வரை, ஜெர்மானியப் பகுதிகளை இணைத்திருந்த புனித ரோமப் பேரரசின் நிரந்தரப் பேரவை கூடிய இடம் அது. ஒரு வேலையைத் தள்ளிப் போடுவதை ஜெர்மனியர் ‘நீண்ட பெஞ்சின் மேல் தள்ளுவது’ என்பார்கள். பேரவையில் முடிவெடுக்காமல் கிடந்த மனுக்களிலிருந்து அந்தச் சொல்வழக்கு வந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். ஜெர்மன் மொழியின் பி1 நிலைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அந்தச் சொற்றொடர் அதன்பின் மறக்கவே மறக்காது.

அங்கிருந்து சில நிமிட நடையில் நொய்ஃபார்பிளாட்ஸ் சதுக்கம். 1519-இல் ஊரின் யூதர்களை வெளியேற்றி அவர்களின் குடியிருப்பையும் தொழுகைக்கூடத்தையும் இடித்த இடம் அது. தொழுகைக்கூடம் இருந்த தளத்தின் அளவிலேயே இஸ்ரேலியச் சிற்பி தானி கராவான் அமைத்த வெண்ணிற நினைவிடம் 2005-இல் திறக்கப்பட்டது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுவதையும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதையும் பார்க்கலாம். ஆயினும் என்ன நடந்த மண் அது என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருவதே மரியாதை.

மதியத்துக்குப் பிறகு நேரம் மிச்சமிருந்தால், பத்து கிலோமீட்டர் கிழக்கே டோனாவ்ஸ்டாஃப் குன்றின் மேலிருக்கும் வால்ஹல்லாவுக்குப் பேருந்திலோ, பாலத்தருகே புறப்படும் படகிலோ போகலாம். கிரேக்கத்தின் பார்த்தெனானை மாதிரியாகக் கொண்டு கட்டடக் கலைஞர் லியோ ஃபான் கிளென்ட்செ வடிவமைத்து, 1842-இல் திறந்த அந்த மண்டபத்தில் ஜெர்மன் மொழி பேசும் உலகின் பெரியோருடைய மார்பளவுச் சிலைகள் வரிசையாக இருக்கின்றன. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்ததற்காக 21 வயதில் கொல்லப்பட்ட ஸோஃபி ஷோலின் சிலை 2003-இல் அங்கே சேர்க்கப்பட்டது. இந்த மண்டபத்தைக் கட்டச் செய்தவரும் அதே லுட்விக்தான்.

சனிக்கிழமை இரவு கடைகள் அடைக்கும் முன் தண்ணீரும் ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடைகளும் சில பேக்கரிகளும் தவிரப் பெரும்பாலான கடைகள் திறந்திருக்கா. அறையை ஜூலைக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் மியூனிக் வந்துவிட்டால் ஊர்வலப் பாதையில் நல்ல இடம் கிடைக்கும். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரம், சுமார் 9,000 பேர், ஊர் ஊராகத் தங்கள் உடையிலும் வாத்தியங்களிலும் குதிரை வண்டிகளிலும் வருவார்கள். இந்த ஊர்வலமும் திருவிழாவும் ஒரே திருமணத்திலிருந்து பிறந்தவை. 1810 அக்டோபர் 12 அன்று, அப்போது பட்டத்து இளவரசராக இருந்த லுட்விக் இளவரசி தெரேசாவை மணந்தார். ஐந்து நாள் கழித்து நகர வாயிலுக்கு வெளியே உள்ள புல்வெளியில் மக்களுக்காகக் குதிரைப் பந்தயம் நடந்தது. மணமகளின் பெயரால் அந்த இடம் தெரேசியன்வீஸ ஆனது. அவர்களுடைய திருமண வெள்ளிவிழாவை ஒட்டி 1835-இல் முதல் ஊர்வலம் நடந்தது. ஊர்க்காரர்கள் திருவிழாவைச் சுருக்கமாக ‘வீஸன்’, அதாவது புல்வெளி, என்றுதான் சொல்வார்கள். இதை அறிந்து போனால், அது குடிகாரர்களின் கூட்டம் என்ற எண்ணம் தானாகவே கரைந்துவிடும்.

இப்போது பை விஷயம். மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும் பையை உள்ளே விடமாட்டார்கள். அளவு 20-க்கு 15-க்கு 10 சென்டிமீட்டர். நான் முதன்முறை போனபோது இரவு தங்குவதற்காகக் கொண்டுவந்த முதுகுப்பையுடன் போய், வாயிலிலிருந்து திரும்பி, பை வைக்க இடம் தேடியே ஒரு மணி நேரத்தை இழந்தேன். வாயில்களுக்கு அருகே கட்டணத்துக்குப் பை வைக்கும் இடங்கள் உண்டு. காலையிலேயே வைத்துவிட்டு ஊர்வலத்துக்குப் போங்கள். கண்ணாடிப் புட்டிக்கும் அனுமதியில்லை. தெரேசியன்வீஸ யூ-பான் (சுரங்க ரயில்) நிலையம் நெரிசலால் அடிக்கடி மூடப்படும். ஷ்வாந்தாலர்ஹோயே, கோத்தேபிளாட்ஸ், எஸ்-பானில் ஹக்கர்புரூக்க ஆகியவற்றில் ஒன்றில் இறங்கி நடப்பது எளிது.

வீஸனுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, கூடாரங்களுக்கும் கிடையாது. மேசை முன்பதிவு என்பது உணவு, பானச் சீட்டுகளை முன்கூட்டி வாங்கும் ஏற்பாடு. அதை இணையத்தில் பெரும் விலைக்கு மறுவிற்பனை செய்பவர்களிடம் வாங்காதீர்கள், கூடாரத்தார் ஏற்க மறுத்தால் உங்கள் பணம் போனதுதான். முன்பதிவு இல்லாத மேசைகள் ஒவ்வொரு கூடாரத்திலும் உண்டு. இரண்டு மூன்று பேராகப் போனால் அறிமுகமில்லாதவர்களின் மேசையில் கேட்டு உட்காரலாம், அதுதான் அங்குள்ள வழக்கமும்கூட. உட்கார இடமில்லாதவர்களுக்குப் பரிமாற மாட்டார்கள். ரொக்கம் வைத்திருங்கள், கனமான குவளைகளைச் சுமந்து ஓடும் பணியாளருக்குப் பத்து சதவீதம் சேர்த்துக் கொடுங்கள்.

மியூனிக்கின் ஆறு மதுவாலைகளின் பீர் மட்டுமே அங்கே கிடைக்கும். ஒரு ‘மாஸ்’ என்பது ஒரு லிட்டர். 2025-இல் அதன் விலை 14.50 முதல் 15.80 யூரோ வரை இருந்தது. திருவிழாவுக்கென வடிக்கும் அந்த பீரில் ஆல்கஹால் ஏறக்குறைய 6 சதவீதம், வழக்கமானதைவிடக் கூடுதல். பழக்கமில்லாதவர்கள் எலுமிச்சைச் சோடா கலந்த ராட்லரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடிக்காதவர்கள் ஆப்பிள்சாற்றுச் சோடாவோ, கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஸ்பெட்சியோ கேளுங்கள். அதற்காக யாரும் உங்களை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ‘அல்கஹோல்ஃப்ரை’ என்று எழுதிய பீரில்கூட அரை சதவீதம் வரை இருக்கலாம் என்பதை, மத நம்பிக்கையால் தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

சைவம் உண்பவர்களுக்கு பாலாடைக்கட்டி சேர்த்த கேஸ்ஷ்பெட்ஸ்லே, காளான் குழம்புடன் ரொட்டி உருண்டை, பெரிய பிரெட்சல், உப்பிட்டுச் சுருளாகச் சீவிய வெள்ளை முள்ளங்கி ஆகியவை போதும். பயர்ன் உருளைக்கிழங்கு சாலட்டில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள்; கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அசைவத்தில் பன்றியும் மாடும் வேண்டாதவர்களுக்கு அரைக் கோழி வறுவலும், குச்சியில் குத்திக் கரியில் சுட்ட மீனும் இருக்கின்றன. அந்த மீன் நம் நாவுக்கு மிகவும் பொருந்தும்.

பாஸ்போர்ட் அல்லது வதிவிட அனுமதி அட்டையைக் கையில் வைத்திருங்கள். குடித்துவிட்டு இ-ஸ்கூட்டர் ஓட்டுவது மிதிவண்டி ஓட்டுவதைப் போன்றதன்று, காருக்கான 0.5 ப்ரோமிலே (ரத்தத்தில் ஆயிரத்தில் 0.5 பங்கு ஆல்கஹால்) வரம்பே அதற்கும் பொருந்தும், 21 வயதுக்குட்பட்டவர்களுக்கும் புதிய ஓட்டுநர்களுக்கும் வரம்பு பூஜ்யம். நினைவுப் பொருளாகக் குவளையை எடுத்துவருவது திருட்டு. வேண்டுமானால் கடையில் வாங்குங்கள். தனியாக வரும் பெண்கள், திடலின் சேவை மையத்தில் பெண்களுக்கென உதவியிடம் இயங்குவதை அறிந்திருங்கள்; அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 110.

பிரதான வாயிலருகே 1980 செப்டம்பர் 26 அன்று நவநாஜி ஒருவன் வைத்த குண்டுக்குப் பலியானவர்களின் நினைவிடம் இருக்கிறது. உயிரிழந்தவர்கள் பன்னிருவர், குண்டு வைத்தவனும் மாண்டான். உள்ளே போகும் முன் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

மாலை ஆறு மணி வரை கூடாரங்களில் இசையின் ஒலியளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. பித்தளை வாத்தியங்களை நிதானமாகக் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். அதன் பிறகு பெஞ்சுகளின் மேல் ஏறி ஆடத் தொடங்குவார்கள். மறுநாள் வேலையோ வகுப்போ உள்ளவர்கள் அந்த நேரத்தில் கூடாரத்தை விட்டு வெளியேறி, திடலின் மேற்கு மேட்டில் நிற்கும் பவேரியா வெண்கலச் சிலையருகே போங்கள். 1850-இல் திறந்து வைத்த அந்தச் சிலையும் லுட்விக் எழுப்பியதே. அதன் படிக்கட்டில் உட்கார்ந்தால், ராட்டினங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதும், தெரேசாவின் பெயரில் உள்ள அந்தத் திடல் முழுவதும் மக்களால் நிறைந்திருப்பதும் ஒருசேரத் தெரியும். அங்கிருந்து ஷ்வாந்தாலர்ஹோயே நிலையம் பத்து நிமிட நடைக்குள்தான்.