ஜெபல் 200: 30 மில்லிமீற்றர் காபரேற்றர் பொருத்திய பின் மணலில் எஞ்சின் அமுங்குகிறது

கிழக்குக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது சுசுகி ஜெபல் 200 மோட்டார் சைக்கிள். வார இறுதி நாள்களில் பருத்தித்துறையிலிருந்து வடமராட்சி கிழக்குப் பக்கமாக, மணற்காட்டு மணல்மேடுகளிலும் கரையோரப் பாதைகளிலும் ஓடுவதற்காகவே அதை வைத்திருக்கிறேன். அதில் முதலில் இருந்த காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்), காற்றுவழியைத் திறந்து மூடும் சிலைட் எஞ்சினின் வெற்றிடத்தால் தானாக உயரும் வகையைச் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது மோட்டார் சைக்கிள் பல மாதங்கள் ஓடாமல் நின்றதில், உள்ளே பெற்றோல் காய்ந்து பிசினாகி, அதன் பிறகு காலையில் ஸ்ராட் செய்வதே பெரும்பாடாகிவிட்டது. அதைக் கழற்றிக் கழுவிப் பார்க்காமல், மணலில் கூடுதல் இழுவை கிடைக்கும் என்று நம்பி, கேபிளால் நேரடியாகச் சிலைட்டைத் தூக்கும் 30 மில்லிமீற்றர் காபரேற்றர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அது கெய்ஹின் நிறுவனத்தின் பி.டபிள்யு.கே. அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல். பெட்டியில் வந்தபடியே அதில் 48 இலக்கச் சிறு ஜெற்றும் 122 இலக்கப் பெரிய ஜெற்றும் (பெற்றோல் போகும் துளையுள்ள பாகங்கள்) இருக்கின்றன.

இப்போது மணலில் கைப்பிடியைச் சட்டென்று திருகினால் எஞ்சின் ஒரு கணம் அமுங்கி, பிறகுதான் பாய்கிறது. அந்த ஒரு கணத்திலேயே பின்சில்லு புதைந்துவிடுகிறது. கைப்பிடியை விட்டால் சுழற்சி உடனே இறங்காமல் சில நொடிகள் உயரத்திலேயே நின்று, பிறகு சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. நகருக்குள் ஓடிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் அது கரி பிடித்துக் கறுப்பாக இருக்கிறது. ஒருவர் கலவை ஐதாக (பெற்றோல் குறைவாக) இருக்கிறது என்கிறார், இன்னொருவர் செறிவாக (பெற்றோல் கூடுதலாக) இருக்கிறது என்கிறார். போதாக்குறைக்கு, நீரேரி ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீரைக் கடந்தபோது பெற்றோல் தீர்ந்ததுபோல் எஞ்சின் நின்றுவிட்டது. எதிலிருந்து தொடங்குவது என்று அறிந்தவர்கள் கூறுவீர்களா?

கொக்குவில் கராச் எழுதியது:

தம்பி, உங்களுக்குச் சொன்ன இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கலவை எல்லாத் திறப்பிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கைப்பிடி மூடியிருக்கும்போது சிறு ஜெற்றும் காற்று ஸ்குறூவும், சற்றுத் திறந்ததும் சிலைட்டின் அடிவெட்டும், கால்பங்கிலிருந்து முக்கால்பங்கு வரை சிலைட்டோடு ஏறியிறங்கும் ஊசியும், அதற்கு மேலே பெரிய ஜெற்றும் கலவையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே மூடிய நிலையில் ஐதாகவும் நடுத்திறப்பில் செறிவாகவும் ஒரே எஞ்சின் ஓடுவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

சுழற்சி இறங்காமல் தொங்குவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது ஜெற்றை அல்ல, காபரேற்றருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையிலுள்ள றப்பர் குழாயை. கைப்பிடி மூடியிருக்கும்போதுதான் அந்தக் குழாயில் வெற்றிடம் மிகுதியாக இருக்கும். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதன் வழியாகக் காற்று புகுந்து கலவையை ஐதாக்கிவிடும். எங்கள் வெயிலிலும் உப்புக்காற்றிலும் பல ஆண்டுகள் நின்ற றப்பர் வெடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. கழற்றி, விரலால் வளைத்து, மடிப்புகளின் உட்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். புதிய காபரேற்றரின் வெளிவட்டம் பழையதைவிடச் சிறிதாக இருந்து, கிளிப்பை இறுக்கிச் சமாளித்திருந்தாலும் இதே கோளாறுதான் வரும். எஞ்சின் ஓடும்போது ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சுழற்சி ஏறினால் கேபிளுக்குத் தளர்ச்சி போதாது.

அடுத்தது தொண்டையின், அதாவது காபரேற்றரில் காற்றுப் போகும் வழியின், அளவு. பழைய காபரேற்றரின் வாயும் ஏறத்தாழ இதே அளவுதானே என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அதில் சிலைட்டை உயர்த்தியது உங்கள் கை அல்ல, எஞ்சின். எவ்வளவு காற்றை இழுக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் அது தொண்டையைத் திறந்தது. புதியதில் நீங்கள் திருகிய அளவுக்குத் தொண்டை திறந்துவிடுகிறது. குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் விழுந்து, பெற்றோலை மேலே இழுக்கும் விசை போய்விடுகிறது. எடுத்துக்காட்டாக, 26 மில்லிமீற்றர் தொண்டையின் குறுக்குப் பரப்பு 30 மில்லிமீற்றர் தொண்டையினுடையதில் முக்கால் பங்குதான். ஆகவே அதே காற்று அதனூடாக மூன்றிலொரு பங்கு கூடுதல் வேகத்தில் போகும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் அரிதாகிவிட்டபோது, நாங்கள் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே கிடக்கும், ஆவியாகாது. எரிபொருள் உள்ளே போவது மட்டும் போதாது, நுண்துளியாகப் பிரிந்து போகவேண்டும் என்பதை அந்த நாள்களில் ஒவ்வொரு காலையிலும் கண்ணால் கண்டோம். பெரிய தொண்டையில் மெதுவாக நகரும் காற்றினால் அதைச் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், பழைய காபரேற்றரைப் பிரித்துக் கழுவி, மிதவை ஊசியையும் றப்பர் வளையங்களையும் மாற்றித் திரும்பப் பொருத்துவதே சிறந்த மேம்படுத்தல் என்பேன்.

தொண்டைமானாறு எழுதியது:

ஐயா சொன்ன காரணங்கள் அனைத்தையும் ஏற்கிறேன். முடிவை மட்டும் முழுமையாக ஏற்க முடியவில்லை. மணலில் கைக்கு உடனே பதில் சொல்லும் காபரேற்றருக்குத் தனி மதிப்பு உண்டு. நானும் இத்தகைய நகல் ஒன்றுடன் பல மாதங்கள் போராடித்தான் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். இந்த நகல்கள் பெரும்பாலும் இரண்டு அடி (ரூ ஸ்ரோக்) எஞ்சினை எண்ணியே ஜெற் போடப்பட்டு வருகின்றன. உங்களுடையதைப் போன்ற நான்கு அடி (ஃபோர் ஸ்ரோக்) எஞ்சினுக்கு அவை செறிவாகவே இருக்கும். உங்கள் பிளக் கறுப்பதற்குக் காரணம் அதுதான் என்று கருதுகிறேன்.

றப்பரைச் சரிசெய்த பிறகு, காபரேற்றருக்குள் பெற்றோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையைப் பாருங்கள். மிதவைக் கிண்ணத்தின் வடிகுழாயில் ஒளிபுகும் குழாய் ஒன்றை மாட்டி, காபரேற்றரின் பக்கமாக மேலே பிடித்துக்கொண்டு வடி ஸ்குறூவைத் தளர்த்தினால், உள்ளேயுள்ள பெற்றோல் மட்டம் குழாயில் தெரியும். அது கிண்ணம் பொருந்தும் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். மட்டம் பிழையாக இருக்கும்போது ஜெற் மாற்றுவது வீண் வேலை.

பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக் காற்று ஸ்குறூவுக்கு வாருங்கள். இந்த வகையில் அது எயர் பில்ரர் பக்கமாக இருக்கும்; வெளியே திருகினால் காற்றுக் கூடிக் கலவை ஐதாகும். பழைய காபரேற்றரில் ஸ்குறூ எஞ்சின் பக்கமாக இருந்ததால் அது நேர்மாறாக வேலை செய்தது. இதை மறந்துதான் பலர் தவறான திசையில் நாள் முழுதும் திருகுகிறார்கள். மெதுவாக முழுதும் உள்ளே இறக்கி, அங்கிருந்து கால் சுற்றாக வெளியே எடுத்து, சுழற்சி மிக உயர்ந்தும் சீராகவும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அந்த இடம் ஒன்றரைச் சுற்றை ஒட்டி இருந்தால் சிறு ஜெற் சரி. ஒரு சுற்றுக்குள் வந்தால் ஜெற் சிறிது. இரண்டரையைத் தாண்டினால் ஜெற் பெரிது. உங்கள் 48 பெரிதென்றே நினைக்கிறேன், 42இலிருந்து தொடங்குங்கள்.

ஊசியைச் சரிசெய்ய, கைப்பிடியில் வெள்ளை நாடா ஒட்டி, கால், அரை, முக்கால் என்று குறியிட்டுக்கொண்டு ஓடுங்கள். எந்தக் குறியில் கோளாறு வருகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றவேண்டாம். ஊசியிலுள்ள கிளிப்பை மேல் பள்ளத்துக்கு ஏற்றினால் ஊசி இறங்கிக் கலவை ஐதாகும். கீழே இறக்கினால் செறிவாகும். பெரிய ஜெற்றுக்கு, வெறிச்சோடிய நேரான பாதையில் மூன்றாம் கியரில் முழுத் திறப்பில் ஓடி, அப்படியே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். கெய்ஹின் இலக்கம் துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறிலொரு பங்காகக் குறிப்பது. 122இலிருந்து 112க்கு வந்தால் விட்டம் 8 வீதம்தான் குறைகிறது, ஆனால் பெற்றோல் போகும் பரப்பு ஏறத்தாழ 16 வீதம் குறைகிறது. மிக்குனி நிறுவனத்தின் அறுகோண ஜெற்றில் இலக்கம் ஓட்டத்தைக் குறிப்பதால், ஒன்றின் இலக்கத்தை மற்றதோடு ஒப்பிடக்கூடாது. ஜெற்றின் துளையைக் கம்பியால் குடைவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

தண்ணீரில் நின்றதற்குக் காரணம் வேறு. கிண்ணத்துக்குக் காற்று விடும் குழாய்கள் அனைத்தும் கீழே தொங்குகின்றன. அவற்றின் நுனி நீரில் மூழ்கினால் கிண்ணத்துக்குள் காற்றுப் போகாது. காற்றுப் போகாவிட்டால் பெற்றோலும் இறங்காது. குறைந்தது ஒரு குழாயையாவது பெற்றோல் தாங்கிக்கு அடியில் மேல்நோக்கித் திருப்பி வையுங்கள்.

கிழக்குக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடியே றப்பரின் அடிமடிப்பில், கிளிப்புக்குக் கீழே மறைந்து, ஓர் அங்குல நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. புதியதை மாட்டியதும் சுழற்சி தொங்குவது முற்றாக நின்றுவிட்டது. மிதவை மட்டம் விளிம்புக்கு மேலே இருந்தது. அதன் நாக்கைச் சிறிது வளைத்துச் சரிசெய்தேன். 42 இலக்கச் சிறு ஜெற்றுடன் காற்று ஸ்குறூ ஒன்றேமுக்கால் சுற்றில் நிற்கிறது, பெரிய ஜெற் இப்போது 112. குழாய் ஒன்றை மேலே திருப்பிய பின் அதே தண்ணீரை இருமுறை கடந்தேன், எஞ்சின் நிற்கவில்லை.

அரைத் திறப்பில் இழுவை நன்றாக இருக்கிறது. ஆனால் மிகக் குறைந்த சுழற்சியில் சட்டென்று முழுதாகத் திருகினால் அமுங்கல் இன்னும் சிறிது இருக்கிறது. ஆவணி மாதம் நுவரெலியா போகவும் எண்ணியிருக்கிறேன். இந்த அளவுகள் அங்கே ஒத்துவருமா?

கொக்குவில் கராச் எழுதியது:

தம்பி, மிச்சமிருக்கும் அந்த அமுங்கல் தொண்டையின் அளவினால் வருவது. ஜெற்றால் அதை முழுதாகப் போக்க முடியாது. திருகும்போது பெற்றோலைப் பீச்சும் பம்ப் உள்ள காபரேற்றரில்தான் அது மறையும். இதே காபரேற்றரோடு ஓடுவதானால், கையைச் சற்றுப் படிப்படியாகத் திறந்து பழகுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், காற்று அடர்த்தி குறைந்து, இங்கே சரியாக இருக்கும் கலவை அங்கே செறிவாகிவிடும். 108, 110 ஆகிய இரண்டு ஜெற்றுகளையும் ஒரு புதிய பிளக்கையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் 112ஐ மறக்காமல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இங்கே முழுத் திறப்பில் ஐதாக ஓடி எஞ்சின் கொதிக்கும். அதோடு, மணலில் ஓடிய ஒவ்வொரு முறையும் எயர் பில்ரர் பஞ்சைக் கழுவி எண்ணெய் பூசுங்கள்; பஞ்சு மணலால் அடைபட்டால் கலவை செறிவாகி, பிளக் மறுபடியும் கறுத்து, நீங்கள் ஜெற்றைத்தான் குறை சொல்வீர்கள்.